திருவண்ணாமலையில் தோற்ற ஹைதர் அலி

கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள், சிங்காரப்பேட்டைக்கு அருகே மலைகள் இரு பக்கமும் நெருங்கி வருவதைக் காண்பார்கள். அதுதான் செங்கம் கணவாய். திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்குப் பெயர் பெற்ற கோயில் நகரம். அந்தக் கோயிலின் உயர்ந்த மதில்கள் கர்நாடக யுத்த காலத்தில் கோட்டையாகவும் பயன்பட்டன என்பதை இன்று பலர் நினைப்பதில்லை. 1767 செப்டம்பரில் இந்த வட்டாரத்தில் மைசூர் ஹைதர் அலி ஒரே மாதத்துக்குள் இரண்டு தடவை தோற்றார். அவருடைய வெற்றிகளைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லிவிடும். நமக்கு வேண்டியது அந்தத் தோல்விகள்.

ஏன் என்று கேட்கலாம். பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டால், வியாபாரத்தில் கைமுதல் போய்விட்டால், நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. நம் நஸீபு இவ்வளவுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது ஒன்று. அல்லாஹ்வின் கோபம் இறங்கிவிட்டது என்று, தோற்றவனின் முகத்துக்கு நேரே சொல்வது மற்றொன்று. இரண்டாவது பேச்சு முதலாவதைவிடப் பொல்லாதது. தோல்வியெல்லாம் இறைகோபத்தின் அடையாளம் என்றால் உஹதை என்னவென்று சொல்வது? ஹிஜ்ரி 3-இல் நடந்த அந்தப் போரில், குன்றின் மேல் நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகளில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கியதால் களத்தின் நிலையே மாறியது. நாயகம் (ஸல்) அவர்களின் முபாரக்கான முகம் காயப்பட்டது. ஸஹாபாக்களில் சுமார் 70 பேர் ஷஹீதானார்கள். மறுநாளே, காயம் ஆறாத அதே தோழர்களை அழைத்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் ஹம்ராவுல் அஸத் வரை பகைவரைத் தொடர்ந்து சென்றார்கள். அந்த மேன்மக்களோடு ஹைதரை ஒப்பிடுவது அதபு ஆகாது. அவர் நாடாள வந்த ஒரு போர்வீரர். ஆனால் விழுந்த இடத்தில் கிடக்காமல் எழுந்தவர் என்ற அளவில் அவர் வாழ்க்கையில் நாம் பார்க்க வேண்டியது இருக்கிறது.

ஹைதர் கோலார்ப் பகுதியில் பூதிக்கோட்டை என்ற ஊரில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1720 என்பாரும் உண்டு, 1722 என்பாரும் உண்டு. தகப்பனார் பத்ஹு முஹம்மது ஒரு படைத்தலைவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே களத்தில் மாண்டார். அநாதையாய் வளர்ந்த ஹைதருக்குக் கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாது. தம் பெயரின் முதலெழுத்தைப் போட மட்டும் பழகியிருந்தார். அந்தக் குறையை அவர் ஞாபக சக்தியால் ஈடு செய்தார். முன்ஷிகள் கடிதத்தை வாசிக்க வாசிக்கக் கேட்டு, அப்போதே பதிலும் சொல்லிவிடுவார்.

1755-இல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்தார். அங்கே பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு பீரங்கிப் படையையும் ஆயுதச் சாலையையும் அமைத்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள அவர் வெட்கப்பட்டதில்லை.

அவருடைய முதல் பெரிய வீழ்ச்சி 1760-இல் வந்தது. அவராலேயே உயர்த்தப்பட்ட கண்டேராவ், மராட்டியருடன் சேர்ந்துகொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் மேல் பாய்ந்தார். அவருடைய படையில் நல்லதொரு பகுதி அப்போது ஆற்காட்டுப் பக்கம் போயிருந்தது. மழைக் காலம், காவேரியில் வெள்ளம். பெண்டு பிள்ளைகளை, சிறுவன் திப்பு உட்பட, பகைவர் கையில் விட்டுவிட்டுச் சில குதிரை வீரர்களோடு இரவில் ஆற்றைக் கடந்து பெங்களூருக்கு ஓடினார். அடுத்த ஆண்டு நஞ்சன்கூடு அருகே மறுபடியும் கண்டேராவிடம் தோற்றார். அதற்குப் பிறகும் விடாமல் ஆள் சேர்த்து, தந்திரமும் செய்து, 1761-லேயே மைசூரின் அதிகாரத்தைக் கைப்பற்றினார். பிடிபட்ட கண்டேராவைக் கூண்டில் அடைத்து வைத்ததை மட்டும் நாம் பாராட்ட முடியாது. வென்ற கை மன்னிக்கவும் வேண்டும் என்பது மக்கா வெற்றி நாளில் நமக்குக் காட்டப்பட்ட வழி.

இனி திருவண்ணாமலைக்கு வருவோம். 1767-இல் ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் கூட்டுச் சேர்ந்து கும்பெனியார் மேல் படையெடுத்தார்கள். கர்னல் ஜோஸப் ஸ்மித்தின் படையைவிட இவர்கள் படை பல மடங்கு பெரியது. செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கம் கணவாயில் போர் நடந்தது. ஸ்மித்தை மடக்க முடியவில்லை. மைசூர்ப் படைதான் பின்வாங்க நேர்ந்தது. ஆனால் அன்று ஸ்மித் தம் அரிசி மூட்டைகளைப் பறிகொடுத்தார். பசியோடு திருவண்ணாமலைக்கு வந்தால், நவாப் முஹம்மது அலி சேர்த்து வைத்திருப்பார் என்று எதிர்பார்த்த தானியம் அங்கே இல்லை. ஜெயித்த படை சோற்றுக்கு அலைந்தது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஹைதரும் வைத்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலை அருகே இரு தரப்பும் மீண்டும் மோதின. நடுவில் இருந்த சதுப்பு நிலத்தைச் சுற்றிப்போக ஸ்மித் படையை நகர்த்தினார். அவர் பின்வாங்குகிறார் என்று எண்ணி ஹைதரும் நிஜாமும் முன்னே விரைந்தார்கள். குன்றின் மறைவில் ஒருவரையொருவர் காணாமல் வந்த இரண்டு படைகளும் திடீரென்று நேருக்கு நேர் நின்றன. வரிசை குலையாமல் சுடப் பழகிய காலாட்படைக்கு முன்னால் பெருங்கூட்டம் சிதறிற்று. நிஜாம் களத்தை விட்டு ஓடினார். பீரங்கிகள் பல பறிபோயின. சென்னையின் எல்லையில் கும்பெனியாரைக் கலங்கடித்துக்கொண்டிருந்த இளைஞர் திப்பு, செய்தி கேட்டுத் தகப்பனாரிடம் திரும்பினார்.

பிறகும் சரிவுதான். வாணியம்பாடியையும் திருப்பத்தூரையும் பிடித்த ஹைதர், ஆம்பூர் மலைக்கோட்டையை ஏறக்குறைய ஒரு மாதம் முற்றுகையிட்டும் அதைப் பிடிக்க முடியவில்லை. டிசம்பரில் வாணியம்பாடியிலும் ஸ்மித்திடம் பின்வாங்கினார். 1768 பிப்ரவரியில் நிஜாம் தனியாக ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஒதுங்கினார். மேற்குக் கடற்கரையில் மங்களூரும் போயிற்று. சமாதானம் பேச ஹைதர் ஆள் அனுப்பினார். கும்பெனியார் தாங்க முடியாத நிபந்தனைகளைப் போட்டார்கள்.

ஆள் பலம் போதாதா? போதும். தைரியம் இல்லையா? இருந்தது. பின் எங்கே தவறு? பகைவன் எதில் வல்லவனோ அதிலேயே போய் அவனோடு மோதியதுதான் தவறு. திட்டம் போட்டு நிற்கும் வெள்ளைக்காரக் காலாட்படையை மைதானத்தில் எதிர்த்தால் ஆள் எண்ணிக்கை உதவாது. அவர்களுடைய பலவீனம் வேறிடத்தில் இருந்தது. அவர்களுக்குக் குதிரைப்படை குறைவு; அரிசிக்கும் வண்டி மாட்டுக்கும் பிறரை நம்பியிருந்தார்கள். செங்கத்தில் கண்ட அந்தப் பசிதான் அவர்களுடைய நோய். மற்றொன்று, நிஜாமின் கூட்டம் எண்ணிக்கையைக் கூட்டிற்றே தவிர பலத்தைக் கூட்டவில்லை.

அதன் பிறகு ஹைதர் நடத்திய யுத்தமே வேறு. மங்களூரை 1768 மே மாதத்திலேயே மீட்டார். பெரும் போரைத் தவிர்த்து, தானியம் போகும் வழிகளை அடைத்து, குதிரை வேகத்தால் அடித்தார். அந்த ஆண்டின் கடைசி வாரங்களில் ஓசூர்ப் பக்கம் கர்னல் உட் திணறினார். தருமபுரி, ஈரோடு, கரூர் என்று இழந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1769 மார்ச்சில் பெரும் படையை மலைக்கு மேலே திருப்பி அனுப்பிவிட்டு, பொறுக்கியெடுத்த 6,000 குதிரை வீரர்களோடு சுமார் 130 மைல் தூரத்தை மூன்றரை நாளில் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார். ஸ்மித்தின் படை பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள் இருந்த கவர்னருக்கும் கவுன்சிலுக்கும் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உடன்படிக்கை ஆயிற்று. பிடித்த ஊர்களை இருவரும் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று முடிவானது. பட்டணத்தைக் கொளுத்தக் கூடிய நேரத்தில் அவர் அளவோடு நின்றது, எனக்கு அந்த 130 மைல் ஓட்டத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

கும்பெனியார் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. 1771-இல் மேலுக்கோட்டை அருகே மராட்டியரிடம் ஹைதர் படுதோல்வி அடைந்தபோது உதவி வரவில்லை. இழந்த சீமைகளை அவரே சில ஆண்டுகளில் மீட்டுக்கொண்டார். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை வளைத்துப் பிடித்தார். 1781-இல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் தளபதி கூட்டிடம் மறுபடி தோற்றார். தோற்றும் ஆற்காட்டுச் சீமையை விட்டுப் போகவில்லை.

முதுகில் புறப்பட்ட ராஜபிளவை வைத்தியர்களால் ஆற்ற முடியவில்லை. 1782 டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் வபாத்தானார். திப்பு அப்போது மலபார்க் கரையில் இருந்தார். பூர்ணய்யா முதலிய அதிகாரிகள் செய்தி வெளியே போகாமல் மறைத்து, ஜனாஸாவைப் பெட்டியில் வைத்துப் பொக்கிஷம் கொண்டுபோவது போலக் கோலாருக்கு அனுப்பினார்கள். பாசறையில் அன்றாட வேலைகள் வழக்கம்போல் நடந்தன. திப்பு வந்து சேர்ந்தபோது படை கலையாமல் இருந்தது. பின்னர் கோலாரிலிருந்து கொண்டுபோகப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிய கும்பஸில் ஹைதர் அடக்கமானார். மனைவியும் மகனும் இன்று அவர் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள்.