காமிக்ஸ் ரசிகர்கள் இன்றும் மன்னிக்காத டாக்டர்: யார் இந்த ஃப்ரெட்ரிக் வெர்தம்?

காமிக்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சண்டைக்குக் குறைவிருக்காது. பேட்மேன் கொலை செய்யலாமா கூடாதா, செத்துப்போன கதாபாத்திரத்தை இன்னும் எத்தனை தடவை உயிரோடு கொண்டுவருவார்கள், அமெரிக்க காமிக்ஸில் திகில் கதைகள் ஏன் சூப்பர் ஹீரோக்களுக்குப் பின்னால் ஓரமாகவே கிடக்கின்றன என்று பட்டியல் நீளும். ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் எல்லோரும் ஒரே அணிக்கு வந்துவிடுவார்கள். டாக்டர் ஃப்ரெட்ரிக் வெர்தம். காமிக்ஸைக் கொன்ற ஆள் என்பதுதான் அவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

உண்மையிலேயே அவர் அவ்வளவு பெரிய வில்லனா? கொஞ்சம் விரிவாகப் பார்த்தால்தான் புரியும். ஏனென்றால் கதையின் முதல் பாதியில் இவர்தான் ஹீரோ.

ஹார்லெமில் 25 சென்ட் வைத்தியம்

1895-ல் ஜெர்மனியில் பிறந்தவர். இயற்பெயரில் வெர்தைமர் என்று இருந்தது. பிறகு அது வெர்தம் ஆனது. மனநல மருத்துவம் படித்து, 1922-ல் அமெரிக்கா போனார். முதலில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், அடுத்து நியூயார்க். குற்றவாளிகளின் மனநிலையை ஆராய்வது அவருடைய தனித்துறை ஆனது. குழந்தைகளைக் கொன்ற ஆல்பர்ட் ஃபிஷ் மீதான 1935 வழக்கில், அந்த ஆளுக்கு மனநோய் இருக்கிறது என்று சாட்சி சொன்னவர் இவர்தான். ஜூரி கேட்கவில்லை. ஃபிஷுக்கு மின்சார நாற்காலி கிடைத்தது.

அந்தக் காலத்தில் நியூயார்க்கின் கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை என்பது கிட்டத்தட்ட எட்டாக்கனி. எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் போன்றவர்களின் துணையோடு, 1946-ல் ஹார்லெமில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் லஃபார்க் கிளினிக்கைத் திறந்தார் வெர்தம். கட்டணம் 25 சென்ட். வாரத்தில் இரண்டு நாள், மாலை நேரத்தில் மட்டும். டாக்டர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது.

பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியாக உட்கார வைப்பது அவர்கள் மனதை என்ன செய்கிறது? டெலவர் மாநில வழக்கு ஒன்றுக்காக, கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளை இந்த கிளினிக்குக் கூட்டிவந்து பரிசோதித்தார்கள். 1951-ல் வெர்தம் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: அந்தப் பாகுபாடே குழந்தைகளின் மனநலத்தைக் கெடுக்கிறது என்று. அங்கே கறுப்பினக் குழந்தைகளின் பக்கம் தீர்ப்பு வந்தது. பிறகு உச்ச நீதிமன்றம் சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. பள்ளிகளில் இனப்பாகுபாடு செல்லாது என்று 1954 மே 17-ல் வந்த பிரௌன் வழக்குத் தீர்ப்பு அதுதான்.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னால் வந்தது இன்னொரு விஷயம். ரசிகர்களுக்கு ஞாபகம் இருப்பது அது மட்டும்தான்.

பேட்மேன் மேல் என்ன கோபம்?

கிளினிக்குக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் காமிக்ஸ் படிப்பவர்களாக இருந்ததை வெர்தம் கவனித்தார். குற்றம் செய்த பிள்ளைகளும் படித்தார்கள். சரி, அன்றைய அமெரிக்காவில் காமிக்ஸ் படிக்காத பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது எதற்கு ஆதாரம்? இந்தக் கேள்வியை அப்போதே சிலர் கேட்டார்கள். அவர் அசரவில்லை. 1948 முதல் கட்டுரை, கூட்டம் என்று இறங்கினார். அதே ஆண்டு சில ஊர்களில் பிள்ளைகளைக் கொண்டே காமிக்ஸைக் குவித்து எரித்தார்கள்.

1954 ஏப்ரலில் அவருடைய புத்தகம் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், அப்பாவிகளை மயக்கி வழிகெடுத்தல். பேட்மேனும் ராபினும் ஒரே மாளிகையில் வாழ்வது ஓரினச்சேர்க்கைக் கனவு என்றார். வொண்டர் வுமனுக்கும் அதே முத்திரை. சூப்பர்மேனோ, தனக்கு அடிபடாமல் அடுத்தவனை அடித்து ரசிக்கக் கற்றுக்கொடுக்கிறானாம். ரசிகர்களை இன்றைக்கும் கொதிக்க வைப்பது இந்தப் பக்கங்கள்தான்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் மற்ற பக்கங்களும் உண்டு. காட்டுக் கதைகளில் கறுப்பு நிறத்தவர்களை எப்போதும் காட்டுமிராண்டிகளாகவே வரைவதைக் கண்டித்தார். சிறுவர் இதழ்களில் கத்திக்கும் துப்பாக்கிக்கும் விளம்பரம் வருவதைக் காட்டினார். அதெல்லாம் நியாயமான கேள்விகள். பேட்மேன் சத்தத்தில் அவை யார் காதிலும் விழவில்லை.

ஏப்ரல் 21, 1954: நியூயார்க்கில் செனட் துணைக்குழு விசாரணை. வெர்தம் சாட்சி சொன்னார். அதே நாளில் பேசினார் ஈசி காமிக்ஸ் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ். திகில் காமிக்ஸின் ராஜா அவர். ஒரு கையில் கோடாரி, மறு கையில் வெட்டிய பெண் தலையோடு ஒருவன் நிற்கும் அட்டைப் படத்தைத் தூக்கிக் காட்டி, இது ரசனையானதா என்று கேட்டார் செனட்டர் கீஃபாவர். திகில் காமிக்ஸ் அட்டைக்கு ரசனையானதுதான், தலையை இன்னும் உயரத்தில் பிடித்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் தப்பு என்கிற மாதிரி பதில் சொல்லி வைத்தார் கெய்ன்ஸ். மறுநாள் பத்திரிகைகளுக்குச் சரியான தீனி. காமிக்ஸின் தலையெழுத்து மாறியதில் வெர்தமின் புத்தகத்துக்கு எவ்வளவு பங்கோ, கெய்ன்ஸின் வாய்க்கும் அவ்வளவு பங்கு உண்டு.

யார் போட்ட தடை?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். காமிக்ஸுக்குத் தடை போட்டது வெர்தமும் இல்லை, அரசாங்கமும் இல்லை. சட்டம் வந்துவிடுமோ என்று பயந்த பதிப்பாளர்களே கூடி, 1954 இலையுதிர் காலத்தில் காமிக்ஸ் கோட் என்ற விதிமுறையை எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் திகில் என்ற சொல் கூடாது. ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடக்கும் பிணம் எதுவும் கூடாது. போலீஸையும் நீதிபதியையும் மட்டமாகக் காட்டக் கூடாது. கடைசியில் நல்லதுதான் ஜெயிக்க வேண்டும். அட்டையில் முத்திரை இல்லாத இதழைக் கடைக்கு எடுத்துப்போக விநியோகஸ்தர்கள் தயாராக இல்லை.

வெர்தம் கேட்டது இது இல்லை. வன்முறை காமிக்ஸைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது, பெரியவர்கள் எதையும் படிக்கட்டும் என்பதுதான் அவர் கட்சி. இன்றைய திரைப்பட ‘ஏ’ சான்றிதழ் மாதிரி. நடந்தது தலைகீழ்: எல்லா காமிக்ஸும் சிறுவர் காமிக்ஸ் ஆனது. திகில், குற்றக் கதை என்ற இரண்டு வகைகள் கடையை விட்டே போயின. பேட்மேன் கதைகளில் கேட்வுமன் 1954-க்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாகத் தலைகாட்டவில்லை. 1956-ல் பேட்வுமன் என்று ஒரு கதாநாயகி வந்தது, ஹீரோவுக்கு ஒரு பெண் துணை வேண்டுமே என்ற அவசரத்தில்தான் என்று ரசிகர்கள் முணுமுணுப்பது உண்டு. 1970-களில்கூட மார்வெல் தன் ஸோம்பிகளை ‘ஸுவெம்பி’ என்று பெயர் மாற்றித்தான் உலவவிட்டது!

அலை கடல் தாண்டியும் போனது. பிரிட்டன் 1955-ல் சட்டம் போட்டது. 1956-ல் இந்திய நாடாளுமன்றமும் இளைஞர்களுக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது.

ஈசி காமிக்ஸின் கடைசி இதழில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களை ஒதுக்கி வைக்கும் கிரகம். அதை ஆய்வு செய்ய வரும் விண்வெளி வீரர், நீங்கள் இன்னும் திருந்தவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிப் படத்தில் ஹெல்மெட்டைக் கழற்றினால், அவர் ஒரு கறுப்பினத்தவர். முத்திரை கொடுக்கும் அதிகாரி அவரைக் கறுப்பினத்தவராகக் காட்டக் கூடாது என்றார். கெய்ன்ஸ் சண்டை போட்டு, அப்படியே அச்சடித்தார். அதோடு காமிக்ஸ் தொழிலை மூட்டை கட்டிவிட்டு, ‘மேட்’ பத்திரிகையோடு நின்றுகொண்டார். ஹார்லெமில் அடித்தள கிளினிக் நடத்திய டாக்டரின் பிரச்சாரம் கடைசியில் வந்து நின்ற இடம் இது.

பெட்டிக்குள் இருந்த உண்மை

1958-ல் லஃபார்க் கிளினிக் மூடப்பட்டது. 1973-ல் வெர்தம் எழுதிய கடைசிப் புத்தகம் யாரும் எதிர்பாராதது: ரசிகர்கள் சொந்தக் காசில் நடத்தும் சிற்றிதழ்களைப் பாராட்டி ஒரு நூல். அதையொட்டி நியூயார்க்கில் காமிக்ஸ் ரசிகர் மாநாட்டுக்கும் போனார். வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1981-ல் பென்சில்வேனியாவில் இறந்தார்.

அவருடைய குறிப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. 2010-ல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். பேராசிரியர் கரோல் டில்லி அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படித்து, 2012-ல் கட்டுரையாக வெளியிட்டார். பிள்ளைகளின் வயதை மாற்றியிருக்கிறார் வெர்தம். இரண்டு பேர் சொன்னதை ஒருவர் சொன்னதாக இணைத்திருக்கிறார். பேட்மேன் வாதத்துக்கு அவர் காட்டிய இளைஞர் உண்மையில் இரண்டு பேர். அவர்களுக்கு பேட்மேனைவிட டார்ஸானும் சப்-மரினரும்தான் பிடித்திருந்தார்கள். அதைப் புத்தகத்தில் விட்டுவிட்டார். காட்டு ராணி ஷீனாவைப் படித்ததால் பள்ளிக்கு மட்டம் போட்டதாகச் சொல்லப்பட்ட 13 வயதுச் சிறுமி, ரவுடிக் கும்பலில் இருந்தவள், வீட்டை விட்டு ஓடியவள் என்று குறிப்பில் இருக்கிறது. புத்தகத்தில் ஷீனா மட்டும்தான் இருக்கிறாள்.

மார்வெல் 2001-ல் காமிக்ஸ் கோடைக் கைகழுவியது. டிசியும் ஆர்ச்சியும் 2011 வரை அந்த முத்திரையை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன.