போர்முனையில் நண்பர்களை இழந்தவர் எழுதிய நெடுங்கதை: டொல்கீனும் திரையில் விடுபட்ட அத்தியாயமும்

2022 செப்டெம்பரில் அமேசன் நிறுவனம் 'த ரிங்ஸ் ஒஃப் பவர்' தொடரை வெளியிட்டபோது, அந்தக் கதையுலகைப் படைத்த ஜே.ஆர்.ஆர். டொல்கீன் இறந்து 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைக்காட்சி உரிமைக்கு மட்டும் 250 மில்லியன் டொலர் அளவில் கொடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இன்று நம் இளையவர்கள் பலர் அவரைத் தெரிந்துகொள்வது கைத்தொலைபேசித் திரை வழியாகத்தான். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நாவலை எதற்கு வாசிக்க வேண்டும், தொடரைப் பார்த்தால் போதாதா என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது.

டொல்கீன் 1892 ஜனவரி 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் புளூம்பொன்டெயின் நகரில் பிறந்தார். தந்தை வங்கி முகாமையாளர். 1895இல் தாய் மேபல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்தார். பின்னால் வருவதாக இருந்த தந்தை அடுத்த ஆண்டு அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். பேர்மிங்ஹாமுக்கு அருகில் சேர்ஹோல் என்ற சிற்றூரில் ஒரு பழைய ஆலையும் மரங்களும் சூழச் சில ஆண்டுகள் கழிந்தன. அந்த இடம்தான் பிற்காலத்தில் 'ஷயர்' என்ற கற்பனை நிலமாக அவரது கதையில் வந்தது. தாய் கத்தோலிக்கராக மாறியதால் உறவினர்கள் உதவியை நிறுத்தினர். 1904இல் நீரிழிவு நோயில் தாயும் போனார். அப்போது டொல்கீனுக்கு 12 வயது. ஒரு கத்தோலிக்கக் குருவானவரின் பொறுப்பில் சகோதரர்கள் இருவரும் வளர்ந்தார்கள்.

பாடசாலையில் அவருக்கு மூன்று உயிர் நண்பர்கள் கிடைத்தார்கள்: ரொப் கில்சன், ஜெஃப்ரி ஸ்மித், கிறிஸ்தோபர் வைஸ்மன். தேநீர் குடித்துக்கொண்டு கவிதையும் பழைய மொழிகளும் பேசும் கூட்டம் அது. உலகத்துக்குப் பெரிதாக ஏதோ செய்யப்போகிறோம் என்று நால்வரும் நம்பினார்கள். அந்த வயதில் யார்தான் நம்பவில்லை?

முதலாம் உலகப் போர் அவர்களை எடுத்துக்கொண்டது. 1916 மார்ச் 22ஆம் திகதி டொல்கீன் தன் காதலி ஈடித்தைத் திருமணம் செய்தார். ஜூன் மாதம், சமிக்ஞை அதிகாரியாகப் பிரான்சுக்குக் கப்பலேறினார். ஜூலை 1ஆம் திகதி சொம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் 19,240 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ரொப் கில்சன். அந்தச் செய்தி, தானும் அதே போர்முனையில் நின்ற ஸ்மித்தின் கடிதம் வழியாகத்தான் டொல்கீனுக்கு வந்து சேர்ந்தது.

ஸ்மித் அதற்கு முன்பே, 1916 தொடக்கத்தில், ஓர் இரவு ரோந்துக்குப் போகுமுன் டொல்கீனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். தான் இறந்தாலும் தங்கள் கூட்டம் அழியாது, தான் சொல்ல நினைத்தவற்றை நீ சொல்லவேண்டும் என்பதே அதன் சாரம். அந்த ரோந்திலிருந்து அவர் உயிரோடு திரும்பினார். ஆனால் அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், முன்னணியில்கூட அல்ல, அதற்குப் பின்னால் நின்றபோது ஷெல் சிதறல் பட்டது. காயத்தில் கிருமி தொற்றி டிசம்பர் 3ஆம் திகதி இறந்தார்.

அந்நேரம் டொல்கீன் இங்கிலாந்தில் மருத்துவமனையில் இருந்தார். பதுங்குகுழிகளில் பேன் பரப்பும் காய்ச்சல் ஒக்டோபர் இறுதியில் அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. பேன் கடித்ததால் உயிர் தப்பியவர் என்று சொன்னாலும் பிழையில்லை. நோயிலிருந்து தேறிவந்த அந்த நாட்களில்தான் எதிரியால் எரிக்கப்படும் ஓர் அழகிய மறைநகரத்தின் கதையை எழுத ஆரம்பித்தார். பின்னால் வந்த எல்லாக் கதைகளுக்கும் அடி அங்கேதான். ஸ்மித்தின் கவிதைகளை அவரே முன்னுரை எழுதி 1918இல் நூலாக வெளியிட்டார். நால்வரில் உயிரோடு மிஞ்சிய மற்றவர் கடற்படையில் இருந்த வைஸ்மன். டொல்கீன் தன் மூன்றாவது மகனுக்கு அவரது பெயரையே வைத்தார்.

போருக்குப் பிந்திய வாழ்க்கை வெளியிலிருந்து பார்த்தால் அமைதியானது. ஒக்ஸ்போர்ட் அகராதியில் வேலை, லீட்ஸில் விரிவுரையாளர் பணி, 1925 முதல் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர். 1937இல் 'த ஹொபிட்' வெளிவந்தது. தொடர்ச்சி கேட்ட பதிப்பாளருக்காக எழுதத் தொடங்கிய 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. இடையில் இன்னொரு உலகப் போர். இம்முறை பிள்ளைகள் போனார்கள். விமானப்படைப் பயிற்சிக்காக மகன் கிறிஸ்தோபர் அனுப்பப்பட்டது, தந்தை பிறந்த அதே தென்னாபிரிக்காவுக்கு. 1944இல் அத்தியாயங்கள் எழுத எழுத மகனுக்குத் தபாலில் போய்க்கொண்டிருந்தன. 1954, 1955ஆம் ஆண்டுகளில் நூல் மூன்று பாகங்களாக வந்தபோது, ஆயிரம் பவுண் நட்டம் வரும் என்ற கணக்கோடுதான் பதிப்பாளர் அச்சுக்கு அனுப்பினார்.

தன் கதை உண்மைப் போர்களின் உருவகம் அல்ல என்பதில் டொல்கீன் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். மோதிரம் அணுகுண்டு என்று சொன்னவர்களை அவர் ஏற்கவில்லை. ஆயினும், நீருக்கடியில் இறந்தோரின் முகங்கள் தெரியும் சதுப்புநிலக் காட்சி சொம் போருக்குப் பிந்திய வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டது என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 1918 ஆகும்போது நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்பதையும் தன் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் எழுதினார்.

இனித் திரைக்கு வருவோம். பீட்டர் ஜாக்சன் இயக்கிய மூன்று படங்களும் நல்ல படங்கள். மூன்றாவது படம் 11 ஒஸ்கார் விருதுகளை வென்றது. ஆனால் நாவலின் கடைசிக்கு முந்திய அத்தியாயம் அதில் இல்லை. படத்தில் நான்கு ஹொபிட்களும் பச்சைப் பசேலென்ற அதே ஊருக்குத் திரும்புகிறார்கள். நாவலில் அப்படியல்ல. ஊர் வாசலில் மறிப்பு. மரங்கள் தறிக்கப்பட்டிருக்கின்றன. பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அவலட்சணமான கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. தானியம் பறிமுதல். அயலவர்களில் சிலரே காட்டிக்கொடுப்பவர்களாகவும் காவல்காரர்களாகவும் மாறியிருக்கிறார்கள். இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் தன் காணியைத் தேடிப்போன எவருக்கும் இந்த அத்தியாயத்தை விளக்கத் தேவையில்லை.

அங்கே நாயகன் புரோடோ வாள் எடுப்பதில்லை. ஹொபிட் ஹொபிட்டைக் கொல்லக்கூடாது, சரணடைந்தவனைத் தொடக்கூடாது என்று தடுப்பதிலேயே நிற்கிறான். தோழன் சாம், பரிசாகக் கிடைத்த ஒரு சிறு பெட்டி மண்ணைத் துளித்துளியாக ஊரெங்கும் இட்டு, தறித்த மரங்களுக்குப் பதில் கன்றுகள் நடுகிறான். படத்தில் அந்தப் பரிசு கயிறாக மாறிவிட்டது! புரோடோவோ தேறுவதில்லை. காயம்பட்ட திகதி வரும்போதெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் நோயில் விழுகிறான். மற்றவர்களுக்காகக் காப்பாற்றிய ஊரில் அவனால் வாழமுடியாமல் போகிறது. படமும் அவனைக் கப்பலேற்றுகிறது. ஏன் போகிறான் என்பது நாவலை வாசித்தவருக்கு நன்றாகவே விளங்கும்.

திரையை அவர் அறியாதவருமல்ல. 1958இல் ஒரு திரைக்கதை அவரிடம் வந்தது. நீண்ட காலத்தைச் சுருக்கிவிட்டார்கள், சண்டைகளையே பெரிதாக்குகிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் குறை எழுதினார். பின்னர் 1969இல் திரைப்பட உரிமையை விற்றார். அமேசன் தொடரோ, நாவலின் பின்னிணைப்புகளைக் கொண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடப்பவற்றை ஒரே தலைமுறைக்குள் அடக்கியிருக்கிறது. காட்சிகள் அழகு என்பதை மறுக்கமுடியாது. ஆனால் காத்திருப்பதன் களைப்பும், நடந்து நடந்து தேயும் கால்களும் அதில் குறைவு.

ஈடித் 1971 நவம்பரில் இறந்தார். டொல்கீன் 1973 செப்டெம்பர் 2ஆம் திகதி போர்ன்மவுத் நகரில், 81ஆவது வயதில் இறந்தார். ஒக்ஸ்போர்டில் இருவரும் ஒரே குழியில். கல்லில் அவர்களது பெயர்களுக்குக் கீழே அவரது கதையின் காதலர்களான லூத்தியன், பெரன் என்ற பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மருத்துவமனை நாட்களில் தொடங்கிய அந்தப் பழைய கதைகள் அவர் உயிரோடிருக்கும்வரை முடியவில்லை. நான்கு ஆண்டுகளின் பின், நண்பனின் பெயரைச் சுமந்த மகன் கிறிஸ்தோபர்தான் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார்.