வீரமாமுனிவர் என்னும் ஆசிரியர்

மடவார் வளாகத்திலும் இராஜபாளையத்திலும் நம் பிள்ளைகள் இன்று 'எரி' வேறு, 'ஏரி' வேறு என்று தடுமாறாமல் எழுதுகிறார்களே, அதற்காக நாம் நன்றி கூற வேண்டியவர் கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய ஒரு சேசு சபைக் குரு.

இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8 அன்று பிறந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1710இல் கோவா வந்து, மறு ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். முப்பது வயதுக்கு மேல் தமிழ் அரிச்சுவடியைத் தொட்டவர் அவர். கற்பவன் எங்கே இடறுவான் என்பதைத் தம் அனுபவத்திலேயே அறிந்தவர் என்று சொல்லலாம்.

அக்காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்கு மேலே புள்ளி இட வேண்டும். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். பண்டிதர் இடம் பார்த்துப் பொருள் கொள்வார். புதிதாகப் படிப்பவன் என் செய்வான்? அடிகளார் நெடிலுக்கென்று தனி வடிவம் வகுத்தார். குழப்பம் தீர்ந்தது.

சொற்பொருள் அறிவதிலும் இதே தொல்லை. நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கே அவை பயன்படும். நினைவாற்றல் குறைந்தவனும், பல ஆண்டுகள் ஆசானிடம் இருந்து படிக்க வசதியற்றவனும் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். 1732இல் அவர் இயற்றிய சதுரகராதி, சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தியது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். தேடத் தெரிந்தால் போதும்.

எல்லாருக்கும் ஒரே நூலை அவர் நீட்டவில்லை. புலவர்களுக்குத் தேம்பாவணி, இலக்கண மாணவருக்குத் தொன்னூல் விளக்கம், உபதேசியார்களுக்கு எளிய உரைநடையில் வேதியர் ஒழுக்கம். மேனாட்டிலிருந்து வரும் குருக்களுக்குப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் தனியே எழுதினார். கொடுந்தமிழ் என்று பெயரிட்டாலும் (பெயர் சற்றுக் கடுமைதான்!) சந்தையில் பேசும் தமிழுக்கும் விதிகள் உண்டென்று மதித்தாரே, அது பெரிது. பேச்சுநடை பழகுவோர் சலிப்பின்றிப் படிக்கப் பரமார்த்த குருவின் கதையையும் சேர்த்தார். சிரித்துக்கொண்டே வாசிக்கும் பாடம் அது.

தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளோடு அவர் கடுமையாக வாதிட்டவர். ஆயினும் அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சேற்றியவர்கள் அவர்களே. தங்கள் புதியவர்களுக்கும் அது தேவைப்பட்டது போலும்! அடிகளார் 1747இல் அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார்.