அண்ணாமலையின் அண்டை உயிர்கள்

1896 ஆகஸ்டு 29-ஆம் நாள், பழைய நிலப்படத்தை நம்பித் திண்டிவனத்திற்குச் சீட்டெடுத்து மதுரையில் புகைவண்டி ஏறினார் பதினாறு வயது வேங்கடராமன். திருவண்ணாமலை செல்ல விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும் என அவருக்கு எடுத்துரைத்தவர், உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர். அவ்விளைஞரே பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றார்.

மலைமீது விரூபாட்சக் குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்த காலத்தில், பாம்பும் சிறுத்தையும் அவருக்கு அண்டை உயிர்கள். அவற்றின் இருப்பிடத்திற்கு வந்து புகுந்தவர் மனிதரே என்பதால், அவற்றைத் துன்புறுத்த அவர் இசையவில்லை. தன் இனத்தால் கடியுண்ட குரங்கைப் பேணிக் காத்தார். விலங்குகளையும் உயர்திணையிலேயே சுட்டினார். ஒருமுறை புதரில் மறைந்திருந்த குளவிக்கூட்டில் அவர் கால் பட்டுவிட்டது. அறியாமற் செய்த பிழைதான். எனினும் அக்காலே தண்டனை பெறட்டும் என்று, குளவிகள் கொட்டி ஓயும்வரை அசையாது நின்றார்.

சிற்றுயிரின் வீட்டைக் கலைத்தவன் அதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை அந்நிகழ்ச்சியில் நாம் காண்கிறோம். அவர் 1950 ஏப்ரல் 14-இல் மறைந்தார். பாம்பைக் கண்டதும் தடியைத் தேடும் நாம், குளவிகளின்முன் நின்ற அப்பெரியாரை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.