மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவில் பெண்கள் போர்டிங்கும்

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்க நெருங்க, எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் ஒரே பேச்சுத்தான். பிளஸ் ஒன்னுக்குப் பிள்ளையைப் போர்டிங்கில் விடலாமா, வேண்டாமா? விட்டால் படிப்பு முன்னேறும் என்பார் அப்பா. சாப்பாடு எப்படி இருக்குமோ, காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பார்களோ, எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு விடுவார்களோ என்று அடுக்குவார் அம்மா. பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார்; முந்தானையால் கண்ணை மட்டும் துடைத்துக்கொள்வார். இந்தக் கேள்வி நம் நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்த் தாய்மார் இதே கேள்வியோடு திண்டாடியிருக்கிறார்கள். அவர்களை அப்படித் திண்டாட வைத்தவர் மார்த்தா மால்ட் அம்மையார்.

மார்த்தா 1794-இல் பிறந்த ஆங்கில மாது. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரின் துணைவியார். அக்காலத்தில் சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறக்கப்பட்டதே 1869-இல்தான். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் கடலில் அலைந்துதான் இந்தியாவுக்கு வர வேண்டும். அப்படி வந்த இருவரும் 1819-ஆம் ஆண்டு இறுதியில் நாகர்கோவிலை அடைந்தனர். அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து!

நம் மாவட்டம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1806 முதல் மயிலாடியைத் தலமாகக் கொண்டு பணிசெய்த ரிங்கல்தௌபே ஐயர் 1816-இல் ஊர் திரும்பிவிட்டார். அவருக்குப் பின் வந்த மீட் ஐயர் பணித்தலத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். பையன்கள் படிப்பதற்கு ஒரு செமினாரி இருந்தது. அதன் செலவுக்காக வயல் வாங்க ராணி பார்வதிபாய் 5000 ரூபாய் கொடுத்து உதவினார். அதுவே பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. சரி, பெண்பிள்ளைகளுக்கு? பெண் படித்து யாருக்குக் கணக்கு எழுதப் போகிறாள் என்பதுதான் அன்றைய எண்ணம். மீட் ஐயரின் மனைவி யோவன்னா அம்மையார் 1819-இல் சில சிறுமிகளைச் சேர்த்துப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். மார்த்தா அம்மையார் வந்து அதில் கைகொடுத்து, பின்னர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கட்டிக் காத்தார். ஆகையால் முதல் விதை தூவியவரையும் நாம் மறக்கலாகாது.

பகல் பள்ளி ஒன்று வைத்தால் போதாதா, போர்டிங் எதற்கு என்று நாம் கேட்கலாம். போதாது என்பதற்கு நம் ஊர்ப் பனைமரமே சாட்சி. பதனீர் இறங்கும் காலம் வந்துவிட்டால் பனையேறும் குடும்பங்களில் ஒரு கைகூட சும்மா இருக்க முடியாது. அப்பா மரத்தில் இருப்பார். அம்மா அடுப்படியில் பதனீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஊற்றுவாள். விறகு பொறுக்குவது யார், கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது யார்? எட்டு வயதுப் பெண்பிள்ளைதான்! பையன் பள்ளிக்குப் போனாலும் அவள் போக முடியாது. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் கல்யாணம். ஆகவே பிள்ளையைப் பள்ளியிலேயே தங்கவைத்துச் சோறும் துணியும் கொடுத்தாலன்றி அவள் நான்கு எழுத்துப் படிக்க வழியில்லை.

ஆனால் எந்தத் தாய் விடுவாள்? வெள்ளைக்காரத் துரைசானி, புதிய மதம், கேட்டறியாத வழக்கம். பிள்ளை திரும்பி வரும்போது நம் பிள்ளையாக வருவாளா? படித்த பெண்ணை நாளை யார் கட்டுவான்? விறகுக்கும் தண்ணீருக்கும் ஆள் எங்கே? இவை வெறும் பிடிவாதமல்ல என்றே நாங்கள் நினைக்கிறோம். ஏழை வீட்டில் ஒரு ஜோடிக் கை குறைந்தால் ஒரு வேளைக் கஞ்சி குறையும். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் வறுமையின் விளிம்பில் இருந்த வீட்டுப் பிள்ளைகளே.

அம்மையாரின் பள்ளியில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம் எல்லாம் தமிழில் நடந்தன. அவற்றோடு நூல் நூற்பதும் தையலும் உண்டு. 1820-களின் தொடக்கத்தில் அம்மையார் இன்னொன்றையும் சேர்த்தார். அதுதான் நாகர்கோவிலின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோன ரேந்தை!

ரேந்தை பின்னுவதைச் சற்று விளக்க வேண்டும். கெட்டியாக அடைத்த ஒரு தலையணையின்மேல், புள்ளி புள்ளியாகக் குத்தித் துளையிட்ட மாதிரித் தாளை வைப்பார்கள். துளைதோறும் குண்டூசி. நூல் சுற்றிய சின்னஞ்சிறு மரக்கட்டைகள் இருபதோ ஐம்பதோ, கோலத்துக்குத் தக்கபடி தொங்கும். அந்தக் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றை ஒன்றின்மேல் போட்டு, முறுக்கி, ஊசியைச் சுற்றிக் கொண்டுவந்தால் பூவும் இலையும் மெல்ல மெல்ல விரியும். ஊசியால் துணியில் குத்துகிற தையல் இதில் கிடையாது. வெறும் நூலிலிருந்தே பூ பிறக்கிறது. ஒரு நாள் முழுதும் குனிந்து இருந்தாலும் சில அங்குலம் வளர்ந்தால் அதிகம். கோலப்புள்ளியில் கைதேர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கைவந்ததில் வியப்பில்லை என்று தோன்றுகிறது.

பின்னியதை ஐரோப்பியக் குடும்பங்கள் விலைகொடுத்து வாங்கின. அந்தப் பணம் பள்ளிச் செலவுக்கு ஆயிற்று. பின்னிய பெண்களின் கைக்கும் கூலி வந்தது. இங்கேதான் இந்த வரலாற்றில் எங்களை உலுக்கிய செய்தி வருகிறது. அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. வயலோடு சேர்த்து மனிதரையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள். போர்டிங்கில் படித்த பிள்ளைகளுள் அடிமைப் பெண்களும் இருந்தனர். அவர்களுள் சிலர் ரேந்தை பின்னிச் சம்பாதித்த காசை எசமானிடம் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டனர்! திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-இல். சட்டம் வந்து சேருமுன்னே, எங்கள் வயதொத்த பெண்கள் நூலாலேயே தங்கள் விடுதலையைப் பின்னியிருக்கிறார்கள். பிள்ளையைப் போர்டிங்கில் விடலாமா என்று தயங்கிய எந்தத் தாய்க்கும் இதைவிடப் பெரிய பதில் வேறு என்ன வேண்டும்?

இருந்தாலும் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் நியாயமாகாது. பிள்ளைகளின் செலவை இங்கிலாந்திலிருந்த அன்பர்கள் ஏற்றார்கள். பணம் அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது மிஷன் போர்டிங்குகளில் வழக்கமாயிருந்தது. வீட்டில் பாட்டியின் பெயரால் அழைக்கப்பட்டவள் பள்ளியில் யாரோ ஓர் ஆங்கில மாதின் பெயரால் அழைக்கப்பட்டாள். எங்கள் பெயரை யாராவது அப்படி மாற்றினால் எப்படி இருக்கும் என்று நாங்கள் பேசிப் பார்த்தோம், ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. வீட்டுச் சூழலிலிருந்து பிள்ளையைப் பிரித்தால்தான் நல்லவளாக வளர்ப்பது எளிது என்பதும் மிஷனரிகளின் கருத்து. படித்து முடித்த பெண்கள் உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்ற மனைவியராக வேண்டும் என்பதே பள்ளியின் முக்கிய நோக்கமாயிருந்தது. பெண் தனக்காகப் படிக்கலாம் என்ற எண்ணம் அன்று இங்கிலாந்திலேயே அரிது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டத் தேர்வைத் திறந்தது 1878-இல்தானே!

ஆயினும், அப்படி மனைவியராகிப் போன பெண்களால் கிராமங்களில் நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. எழுத்தறிந்த ஒருத்தி ஊருக்குள் வந்தால் நாலு வீட்டுப் பிள்ளைகள் திண்ணையில் கூடும். அவள் ரேந்தைத் தலையணையை மடியில் வைத்தால் அண்டைவீட்டுப் பெண்ணும் எட்டிப் பார்ப்பாள். இன்னொன்று, அவள் உடுத்திய குப்பாயம். நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்று தடை இருந்த காலம் அது. மிஷனைச் சேர்ந்த பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதும் 1820-களில் தெருவில் அடிதடி, துணிக்கிழிப்பு, பள்ளிகளுக்குத் தீவைப்பு எல்லாம் நடந்தன. தோள்சீலைக் கலகம் என்று நம் பெரியோர் சொல்வது இதைத்தான். 1859-இல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை வந்தது. அந்த நாட்களில் மகளைத் தைத்த சட்டையோடு பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் துணிவை எண்ணும்போது, சாப்பாட்டைப் பற்றிய எங்கள் வீட்டுக் கவலைகள் சிறியனவாகத் தெரிகின்றன. (அம்மாமார் மன்னிக்க!)

அம்மையாரின் மகள் எலைசா 1822-இல் நாகர்கோவிலிலேயே பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். பிறர் பெற்ற பிள்ளைகளைத் தம்மிடம் வாங்கிக்கொண்ட தாயும், பெற்ற பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இருந்திருக்கிறார்! திரும்பி வந்த எலைசா தாயோடு பள்ளியில் உழைத்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழி போலவே வந்தது. 1844-இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பின்னாளில் எழுதிய கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனார். போன இடத்திலும் பெண்களுக்கு ஒரு போர்டிங்கும் ரேந்தை வேலையும் தொடங்கினார். தேரிமணலில் உள்ள அந்த ஊருக்கு நாகர்கோவில் தலையணையும் மரக்கட்டைகளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

1850-களின் நடுவில், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுப் பணிக்குப் பின், மால்ட் தம்பதியர் இங்கிலாந்து திரும்பினர். கணவர் 1858-இல் காலமானார். அம்மையார் 1870-இல் மறைந்தார். பள்ளி மட்டும் இங்கேயே நின்றது. பின்வந்த டதி ஐயரின் பெயரால் டதி பெண்கள் பள்ளி என்று வழங்கும் அது, 2019-இல் 200 ஆண்டுகளை நிறைவு செய்தது.