ஏடு திறந்த எட்டையபுரத்தார்

பிடில் என்னும் மேனாட்டுக் கருவி தமிழகத்து இசையரங்கில் இடம்பெற்ற வரலாற்றைப் பேசுவோர் பாலுசாமி தீட்சிதரை மறப்பதில்லை. பின்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கிய மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில் அவர் அக்கருவியைக் கற்றார். வெள்ளையர் வாசித்த மெட்டுகளைக் கேட்ட அவர்தம் தமையனார் முத்துசாமி தீட்சிதர் அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுவரம் எனப்படும் அப்பாடல்களுள் ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் ஒன்று. பாலுசாமி பின்னர் எட்டையபுரம் அரசவையை அடைந்து, தம் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரப் புதல்வனாக ஏற்றார். 1839இல் திருவாரூரில் பிறந்த அப்பேரனே சுப்பராம தீட்சிதர்.

முத்துசாமி தீட்சிதர் எட்டையபுரத்தில் மறைந்தது 1835இல். ஆதலின் சுப்பராமர் அவர் பாடக் கேட்டதில்லை. பாலுசாமியின் வாய்மொழியும் குடும்பத்துச் சுவடிகளுமே அவருக்குக் கிடைத்த செல்வம். வேங்கடமகியின் இலக்கண கீதங்கள், தானங்கள், கீர்த்தனைகள் என அவர் காத்தவை பல. இசைக் குடும்பங்கள் தம் ஏடுகளை அயலார் கண்ணிற் காட்டத் தயங்கிய காலம் அது. அத்தயக்கத்தைக் குறை கூறுதல் எளிது. அதுவே அவர்களுடைய வாழ்வாதாரம் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

பூட்டைத் திறக்கச் செய்தவர் சின்னசாமி முதலியார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய இக்கிறித்தவ அன்பர், நம் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறியீட்டில் 1890களில் வெளியிடலானார். பொருளை இழந்தார், கண்ணொளியும் மங்கிற்று. தம்மால் முடியாததை எட்டையபுரமேனும் முடிக்கட்டும் என்று 1899இல் அரசரை வேண்டினார். அரசர் இசைந்தார், தீட்சிதரும் உள்ளதனைத்தையும் தர உடன்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபது.

எழுதுவதினும் அச்சிடுவதே பெரும்பாடாயிற்று. கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவையும் வழுக்கலையும், தாளில் காட்ட வழக்கமான அச்செழுத்துகள் போதா. ஒவ்வோர் அசைவுக்கும் தனிக்குறி தேவைப்பட்டது. எட்டையபுரம் வித்தியா விலாசினி அச்சகத்தில் 1904இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி ஏறத்தாழ 1700 பக்கங்கள் கொண்டது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் இருநூற்றுக்கு மேல் அதில் உள்ளன. இசைவாணர் வரலாறுகளையும் அவரே எழுதிச் சேர்த்தார். அடுத்த ஆண்டு மாணாக்கருக்கென வெளியிட்ட தொடக்கப் பயிற்சி நூலில் மணலிக் காலத்து நோட்டுசுவரங்களுக்கும் இடமளித்தார். 1906இல் மறைந்தார்.

சம்பிரதாயப் பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் அச்சானது. பிரதிகள் அருகின, அரிய ஏடுகளைத் திறந்து தந்த நூலே தேடியலைய வேண்டிய அரிய நூலாயிற்று. எட்டையபுரத்தில் அச்சான அந்நூல் தமிழெழுத்தில் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது. சென்னை மியூசிக் அகாதெமி 1961இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பு, ஐந்து பகுதிகளாக 1983இல் நிறைவெய்தியது.