தேடுமுன் கேள்வியைப் பகுத்தவர்

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகத்தின் தனிமை பொறுக்காமல் சில நாள்களிலேயே வகுப்பறைக்குத் திரும்ப விரும்பினார். லண்டனில் பயின்ற பின்னும் மனம் ஒப்பாவிட்டால் பழைய பணிக்கே வரலாம் என்ற ஏற்பாட்டின் பேரில்தான் கப்பலேறினார்.

அங்கே ஓர் அங்காடியில், சில இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்வதைக் கண்டார். அறிவுத்துறைகளும் அவ்வாறே சில கூறுகளின் சேர்க்கை என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளியான கோலன் பகுப்புமுறை அதிலிருந்து பிறந்தது.

அதன் பயன் நூலகருக்கு மட்டும் உரியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் பட்டு நெசவாளர் கூலியை ஆராய முற்படும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். 'பட்டு நெசவு' என்று இணையத்தில் தேடினால் சேலை விளம்பரங்களே குவியும். ரங்கநாதன் வழியில் கேள்வியை முதலில் பிரிக்க வேண்டும்: யார், எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். பின்னர் ஒவ்வொன்றாக மாற்றலாம். பட்டுக்குப் பதில் பருத்தி. காஞ்சிபுரத்துக்குப் பதில் ஆரணி, வாரணாசி. இன்றைக்குப் பதில் ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடுகள். கூலியை 'முன்பணம்' என்று மாற்றியதுமே நெசவாளர் கடன் பற்றிய தனி உலகம் திறக்கும். முன்பணத்தை அறியாமல் கூலியை எழுதுவது பாதி உண்மையே. நம் ஆய்வேடுகளிலோ, ஆசிரியருக்கு ஒரு பத்தி என அடுக்குவதே முந்தைய ஆய்வுகளின் மீளாய்வாகிவிட்டது. ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவோடு எங்கே முரண்படுகிறது என்பது அதில் தெரிவதில்லை.

வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்பது 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. கேள்வியோடு வருபவருக்குத் துணைநின்று தேடித்தர ஆள் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவருடைய குறியீடுகள் சிக்கலானவை. பெரும்பாலான நூலகங்கள் ட்யூயியின் தசம முறையிலேயே நின்றுவிட்டன. ஆனால் இன்றைய இணைய நூற்பட்டியலில் ஆண்டு, இடம், பொருள் எனச் சலிக்கும் வசதி அவர் சிந்தனையோடு நெருங்கிய உறவுடையது.

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேற அவரே முதன்மைக் காரணர். பிற்காலத்தில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை நூலக அறிவியல் இருக்கை அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். அவ்விருக்கைக்கு மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்தது. 1972-இல் பெங்களூரில் காலமானார்.